கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்பவர்: சிரேஷ்ட திட்ட முகாமையாளரைத் தெரிவு செய்வது எப்படி?

“டிசம்பருக்குள்ள முடியாது சேர். பெப்ரவரி கடைசி என்று எழுதுங்கோ.”

நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்த ஒரு பெண் இப்படிச் சொன்னதும் எங்கள் மேசையில் கொஞ்ச நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திருகோணமலையில் ஓர் அபிவிருத்தி நிறுவனத்துக்குச் சிரேஷ்ட திட்ட முகாமையாளர் ஒருவரை எடுப்பதற்காக அன்று ஐந்து பேரை அழைத்திருந்தோம். ஐந்து பேருக்கும் ஒரே தாளைத்தான் கொடுத்தோம். மூதூருக்கு அப்பால் ஒரு கிராமம். நாற்பது வீடுகளுக்கு மலசலகூடம், கூடவே குடிநீர்க் குழாய். ஒப்பந்தம் ஓகஸ்ட் கடைசியில் கைச்சாத்தாகும். பணம் டிசம்பர் 31க்குள் செலவாகி முடிய வேண்டும். வேலைத்திட்டம் போட்டுக் காட்டுங்கள் என்றோம். நான்கு பேர் அழகாகப் போட்டுக் காட்டினார்கள். நான்கு திட்டங்களும் டிசம்பர் மூன்றாம் கிழமைத் திறப்பு விழாவோடு முடிந்தன.

அந்தப் பெண் வெறுந்தாள் ஒன்று கேட்டு வாங்கி மாதத்துக்கொன்றாகப் பன்னிரண்டு கட்டம் கீறினார். மாரி மழை என்று நவம்பரையும் டிசம்பரையும் பேனையால் கறுப்பாக்கினார். ஒக்டோபர் கட்டத்துக்குள் ‘பெரும்போக விதைப்பு, கூலியாள் இல்லை’ என்று எழுதினார். செப்டெம்பரில் பாதியை ஒப்பந்தகாரர் சாமான் இறக்குவதற்கு ஒதுக்கினார். மிஞ்சிய வெள்ளை இடத்தைப் பேனை நுனியால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பெப்ரவரி என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: “நான் இந்த வேலைக்கு வந்தால் செப்டெம்பர் முதல் கிழமையே டோனருக்கு (பணம் தரும் கொடையாளருக்கு) எழுதிப்போடுவன்.”

அந்தக் கடைசி வசனத்துக்காகவே அவரை எடுத்தோம். அது ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முந்திய முறை நாங்கள் தவறான ஆளை எடுத்திருந்தோம். தவறு அவருடையது என்பதைவிட எங்களுடையது என்றே நினைக்கிறேன். நல்ல ஆங்கிலம், நல்ல சி.வி., சிரித்த முகம். முக்கால் மணி நேரம் சந்தோஷமாகக் கதைத்துவிட்டு, “பிள்ளை நல்லாக் கதைக்குது” என்று தலைவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினோம். வேலை தொடங்கியது. மாதாமாதம் வந்த அறிக்கையில் ‘திட்டமிட்டபடி நடைபெறுகின்றது’ என்று இருந்தது. நவம்பர் நடுவில் ஒருநாள் சொல்லாமல் போய்ப் பார்த்தோம். அத்திவாரம் வெட்டிய குழிகளில் மழைத்தண்ணீர் நிறைந்து தவளை கத்திக்கொண்டிருந்தது. கல் இல்லை, மேசன் இல்லை. ஒப்பந்தகாரர் ஒக்டோபர் தொடக்கத்திலேயே கைவிரித்திருக்கிறார். அது எங்கள் முகாமையாளருக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. நேரத்தோடு சொல்லியிருந்தால் வேறு ஒப்பந்தகாரரைப் பிடித்திருக்கலாம், கால நீடிப்புக் கேட்டிருக்கலாம். கடைசியில் பணம் திரும்பிப் போனது. அந்த ஊர்ப் பெண்கள் இன்னொரு மாரியும் விடிவதற்கு முன்னர் பற்றைக்குப் போனார்கள். அந்த ஊருக்கு மறுபடி போய் அவர்கள் முகத்தைப் பார்த்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

திட்டம் தாமதமாவது ஒன்றும் அதிசயம் இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃப்ளூவ்பியர் உலகெங்குமுள்ள 16,000க்கும் மேற்பட்ட பெரிய திட்டங்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தவர். சொன்ன செலவுக்குள்ளும் சொன்ன காலத்துக்குள்ளும் முடிந்தவை அவற்றில் 8.5 வீதம்தான். சொன்ன பலனையும் சேர்த்துக் கொடுத்தவை 0.5 வீதம். அப்படியென்றால் நேர்முகப் பரீட்சையில் ‘என் திட்டமெல்லாம் நேரத்துக்கு முடிந்தது’ என்று ஒருவர் சொன்னால், ஒன்றில் அவர் மிகச் சிறிய வேலைகளையே செய்திருக்கிறார், அல்லது முழுவதையும் சொல்லவில்லை. சாதாரண திட்ட முகாமையாளருக்கும் சிரேஷ்ட முகாமையாளருக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இங்கேதான் இருக்கிறது. முதலாமவர் கையில் தந்த வேலையை அட்டவணைப்படி நகர்த்துபவர். இரண்டாமவர், அட்டவணையே பிழை என்று தெரியும்போது அதை மேலிடத்துக்கும் கொடையாளருக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் மூன்று விதமாக, ஆனால் ஒரே உண்மையாக எடுத்துச் சொல்ல வேண்டியவர். சம்பளத்தில் உள்ள வித்தியாசம் அதற்குத்தான்.

சரி, அதை எப்படி ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிப்பது?

முதலில், வழக்கமான நேர்முகப் பரீட்சை எவ்வளவு பலவீனமானது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்தெரிவு முறைகளை ஆராய்பவர்கள் ஒரு முறை பிற்கால வேலைத்திறனை எவ்வளவு சரியாக முன்கூட்டிச் சொல்கிறது என்பதை 0 முதல் 1 வரையான ஓர் எண்ணால் காட்டுவார்கள். 0 என்றால் திருவுளச்சீட்டுப் போடுவது மாதிரி. 1 என்றால் பிசகாமல் சொல்வது. ஃபிராங்க் ஷ்மிட், ஜோன் ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே முறையில் புள்ளியிடும் நேர்முகத்துக்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.38 என்று இருந்தது. போல் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் அந்தக் கணக்குகளைத் திருத்தியபோது முதலாவது 0.42 ஆனது, இரண்டாவது 0.19க்கு இறங்கிவிட்டது. அந்தத் திருத்தப்பட்ட பட்டியலில், ஒரே கேள்விகளைக் கேட்கும் அந்த ஒழுங்கமைத்த நேர்முகமே முதலிடம். எத்தனை வருட அனுபவம் என்ற கணக்கு 0.1ஐக்கூட எட்டவில்லை. நம் விளம்பரங்களில் ‘குறைந்தது பத்து வருட அனுபவம்’ என்று தடித்த எழுத்தில் போடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

வருடக் கணக்கு ஏன் உதவுவதில்லை என்பது திருகோணமலையில் வரும் விண்ணப்பங்களைப் பார்த்தாலே புரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து குவிந்த நிறுவனங்களில் தொழில் பழகியவர்கள் ஒரு பகுதி. போருக்குப் பிந்திய மீள்குடியேற்றம், வீதி, பாலம் என்று வளர்ந்தவர்கள் இன்னொரு பகுதி. கட்டாரிலும் டுபாயிலும் பெரிய கட்டட வேலைகளில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. சுனாமிக் காலத்தில் பணம் தாராளமாக இருந்தது; பலருக்கு அப்போது இருந்த கவலை வந்ததைச் செலவழித்து முடிப்பதுதான். வளைகுடாவில் திட்டமிட ஓர் ஆள், கொள்வனவுக்கு ஓர் ஆள், பாதுகாப்புக்கு ஓர் ஆள் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இங்கே அத்தனையையும் ஒருவர், ஒரு சாரதியோடும் இரண்டு வெளிக்கள உத்தியோகத்தரோடும் செய்ய வேண்டும். பத்து வருடம் எல்லோருக்கும் பத்து வருடம்தான். அதற்குள் என்ன நடந்தது என்பதே வேறு வேறு.

சான்றிதழும் அப்படியே. திட்ட முகாமையாளர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான பி.எம்.பி. பரீட்சைக்குத் தோற்ற ஒரு பட்டதாரிக்கு 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணித்தியாலப் பயிற்சியும் வேண்டும். அதை முடித்தவர் தொழிலின் சொற்களை அறிந்தவர், படிக்கிற பழக்கம் உள்ளவர். அந்த அளவுக்கு நான் மதிக்கிறேன். ஆனால் சேருவில பிரதேச சபையில் அனுமதி இழுபடும்போது யாரிடம் போய் என்ன கதைப்பது என்பது அதில் இல்லை.

கேள்விகளுக்கு வருவோம். நாங்கள் இப்போது மிக நம்பிக் கேட்கும் கேள்வி இது: “2022இல் உங்கள் கையில் என்ன திட்டம் இருந்தது? அதற்கு என்ன நடந்தது?” அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சீமெந்து விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. டீசலுக்கு நாள் கணக்கில் வரிசை. ரூபாயில் ஒப்பந்தம் எழுதிய எந்தத் திட்டமும் அந்த வருடத்தைச் சேதமில்லாமல் கடக்கவில்லை. ஆகவே அன்று இலங்கையில் திட்டம் நடத்திய எவரிடமும் சொல்வதற்கு ஒரு கதை கட்டாயம் இருக்கும். ‘ஒருவேளை இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் நல்ல பதில் சொல்வார்கள். நடந்ததைக் கேட்டால் அப்படிச் சொல்வது கஷ்டம்.

முதல் பதிலோடு விட்டுவிடக் கூடாது. தோண்ட வேண்டும். விலை ஏறப்போகிறது என்று உங்களுக்கு எப்போது பட்டது? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? வாயாலா, எழுத்தாலா? அதற்கு என்ன பதில் வந்தது? நாற்பது வீட்டை முப்பதாகக் குறைத்தீர்களா, அல்லது நாற்பதையும் கூரையில்லாமல் விட்டீர்களா? எந்தப் பத்து வீட்டை விடுவது என்று யார் முடிவெடுத்தது? அந்தப் பத்துக் குடும்பத்துக்கும் யார் போய்ச் சொன்னது? கடைசிக் கேள்விக்கு ஒருவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நான்தான் போனேன். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு பத்து வீட்டுக்கும் போனேன். ஒரு அம்மா தேத்தண்ணி தந்தா, இன்னொரு அம்மா மண் அள்ளி எறிஞ்சா.” உண்மையில் போனவருக்குத்தான் தேத்தண்ணியும் மண்ணும் நினைவிருக்கும்.

தோண்டும்போது நம்மவர்களிடம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நான் செய்தேன்’ என்று சொல்வது பெருமை பேசுவதாகும் என்று பழகிவிட்டோம். அதனால் நல்ல முகாமையாளர்கூட ‘நாங்கள் கதைத்தோம், நாங்கள் முடிவெடுத்தோம்’ என்றுதான் சொல்வார். வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்த சிலர் இதைப் பார்த்து, சொந்தமாக ஒன்றும் செய்யாதவர் என்று புள்ளியைக் குறைப்பார்கள். அது அநியாயம். “நாங்கள் என்றால் யார் யார்? அந்தக் கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். அதேபோல, தோற்றுப்போன கதையை அந்நியர் மூவர் முன்னால் சொல்ல எவருக்கும் வாய் கூசும். எங்கள் குழுவின் தலைவர் இப்போது முதலில் தன்னுடைய தோல்வி ஒன்றை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைத் தொடங்குகிறார். தவளை கத்திய குழியின் கதையைத்தான் சொல்வார். கேட்டவர்களின் தோள் கொஞ்சம் தளர்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, வேலை நடக்கும் காலத்தைப் பற்றியது. திட்டம் முடிந்த பிறகு வரும் நன்மையைப் பற்றி எல்லோரும் கதைப்பார்கள். முடியும்வரை அந்த ஊர் சனம் என்ன செய்யும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் நடந்ததை இந்த மாவட்டத்தில் எவரும் மறக்க முடியாது. புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். சனம் களப்பைக் கடக்க இழுவைப் படகில் போய்வந்தது. அன்று காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் ஒரு திட்டம் என்றால் அந்தத் தற்காலிகப் பாதையும் திட்டத்தின் பகுதிதான். ஆகவே நாங்கள் கேட்கிறோம்: “நீங்கள் செய்த வேலையில், அது முடியும்வரை சனத்துக்கு என்ன மாற்று ஒழுங்கு வைத்திருந்தீர்கள்? அதைக் கடைசியாக எப்போது நேரில் போய்ப் பார்த்தீர்கள்?” இதற்கு வெறும் ‘பாதுகாப்புத் திட்டம் இருந்தது’ என்ற பதில் போதாது. எங்கே எத்தனை பேர், எத்தனை மணிக்கு, மழை வந்தால் என்ன என்று சொல்லக்கூடியவர் வேண்டும்.

வேலைத்தாள் ஒன்று கொடுத்துச் செய்விப்பதைப் பற்றி மேலே சொன்னேன். அதோடு இன்னொரு பயிற்சியும் வைக்கலாம். உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிப் பரவலான முறை அது. திட்டம் தொடங்க முன்னரே, ‘ஒரு வருடம் கழிந்துவிட்டது, திட்டம் படுதோல்வி, ஏன் தோற்றது என்று எழுதுங்கள்’ என்று கேட்பது. என்ன பிழை வரலாம் என்று கேட்டால் சனம் மரியாதைக்கு இரண்டு சொல்லும். தோற்றே விட்டது என்றால் மனம் திறக்கும். பத்து நிமிடம் போதும். பதில்களில் வாடைக்காற்றும் மழையும் வருகிறதா, ரமழான் மாத வேலை நேரம் வருகிறதா, காணி உறுதிப் பிரச்சினை வருகிறதா, வருடக் கடைசியில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கணக்கு மூடுவது வருகிறதா என்று பாருங்கள். ‘நிதிப் பற்றாக்குறை, ஒத்துழைப்பின்மை’ என்று மட்டும் வந்தால் அவர் எந்த ஊருக்கும் பொருந்தும் பதிலை மனப்பாடம் செய்திருக்கிறார்.

மொழி விஷயத்தில் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. அறிக்கை ஆங்கிலத்தில் போகிறது என்பதற்காக முழு நேர்முகத்தையும் ஆங்கிலத்தில் நடத்துவது பெரும் பிழை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று சமூகமும் கணிசமாக வாழும் மாவட்டம் இது. காலையில் மூதூரில் மீனவர் சங்கத்தோடு தமிழில், மத்தியானம் கந்தளாயில் சிங்களத்தில், இரவு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் என்பதுதான் இந்த வேலை. எனவே நேர்முகத்தில் பெரும்பகுதியைத் தமிழிலும் ஒரு பகுதியைச் சிங்களத்திலும் நடத்துகிறோம். ஆங்கிலத்துக்கு அரை மணி நேர எழுத்து வேலை: வேலை இரண்டு மாதம் பிந்தும் என்று கொடையாளருக்கு ஒரு கடிதம். இலக்கணப் பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை. முதல் இரண்டு வரிக்குள் ‘பிந்தும்’ என்ற விஷயம் வந்துவிட்டதா, எவ்வளவு, ஏன், அவர்களிடம் என்ன முடிவு வேண்டும் என்பது தெளிவா என்றுதான் பார்க்கிறோம். நன்றி சொல்லி, சாதனையெல்லாம் அடுக்கி, நான்காம் பந்தியில் ‘சிறு கால நீட்சி’ என்று முணுமுணுக்கிற கடிதங்கள் நிறைய வரும். அந்தக் கடிதங்களை வாசிக்கும்போது எனக்கு அந்தப் பழைய மாத அறிக்கைகள்தான் ஞாபகம் வரும்.

பெண் விண்ணப்பதாரிகளிடம் கல்யாணம், குழந்தை, ‘வீட்டில் விடுவார்களா’ என்று கேட்பதை நிறுத்த வேண்டும். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. “தங்கச்சி, வெளிக்களம் கஷ்டம்” என்று அக்கறையாகத்தான் தொடங்குவார்கள். ஆனால் அதே கேள்வியை இரண்டு குழந்தைக்குத் தகப்பனான ஆணிடம் கேட்பதில்லையே. வேலையில் கிழமைக்கு இரண்டு நாள் வெருகல், பதவிசிறிபுரப் பக்கம் போக வேண்டும், சில நாள் இரவு எட்டு மணியாகும் என்று வந்த எல்லோருக்கும் ஒரே வார்த்தையில் சொல்லி, முடியுமா என்று கேட்டால் போதும்.

புள்ளி போடும் முறை சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் எங்களுக்கு அதிகம் உதவியது அதுதான். 1920இலேயே எட்வர்ட் தோர்ண்டைக் என்ற உளவியலாளர், ஒருவரின் ஒரு நல்ல குணம் கண்ணைக் கவர்ந்தால் சம்பந்தமில்லாத மற்றக் குணங்களுக்கும் சேர்த்து அதிக புள்ளி விழுவதைக் காட்டினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டானியல் கானமன் 1955இல் இஸ்ரேல் இராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்தபோது, ஆட்தெரிவு நேர்முகத்தை ஆறு குணங்களாகப் பிரித்து, ஒன்றுக்குப் புள்ளி போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று மாற்றினார். நேர்முகம் செய்தவர்கள் எங்களை இயந்திரமாக்கிவிட்டாய் என்று கோபித்தார்களாம். அவர்களுக்காக, எல்லாப் புள்ளியும் போட்ட பின் கண்ணை மூடி யோசித்து ஒரு மொத்தப் புள்ளியும் போடலாம் என்று விட்டுக்கொடுத்தார். அந்த உள்ளுணர்வுப் புள்ளியும் நன்றாகவே பலித்தது. ஆறு விஷயத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடித்த பின் வந்த உள்ளுணர்வு அது. கைகுலுக்கும்போதே வந்துவிடும் உள்ளுணர்வோடு அதை ஒன்றாகப் பார்க்க முடியாது.

நாங்கள் செய்வது இவ்வளவுதான்: ஆளுக்கொரு தாள், ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5, எது 1, எது 5 என்று முன்னரே எழுதி வைத்த ஒரு வரி, விண்ணப்பதாரி அறையை விட்டுப் போனதும் ஒருவரோடொருவர் கதைக்காமல் எழுதி முடிப்பது, வயதில் குறைந்தவர் முதலில் வாசிப்பது, தலைவர் கடைசியில். தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்ற இரண்டு தாளும் வீண். நம் ஊரில் வயதுக்கும் பதவிக்கும் கொடுக்கும் மரியாதை நல்லதுதான், ஆனால் இந்த ஒரு அரை மணி நேரத்துக்கு அது இடைஞ்சல். குழுவில் மூன்று சமூகத்தவரும் இருப்பதையும் நான் வற்புறுத்துவேன். இங்கே பெயரைச் சொன்னாலே ஆள் எந்தச் சமூகம் என்று தெரிந்துவிடும். அந்த அறிவு புள்ளிக்குள் நுழையாமல் பார்க்க, மேசையில் வேறு வேறு கண்கள் இருப்பதே நடைமுறையில் உதவுகிறது.

பிறகு விசாரிப்பு. சிறிய ஊர் என்பதால் நேர்முகம் முடியுமுன்னரே யாராவது மச்சானுக்கு அழைத்து “ஆள் எப்படி” என்று கேட்டுவிடுவார்கள். அது விசாரிப்பு இல்லை, ஊர்க்கதை. முன்னர் அவர் யாருக்குக் கீழே வேலை செய்தாரோ அவரிடமும், அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவரிடமும், விண்ணப்பதாரியின் சம்மதத்தோடு கேளுங்கள். “நல்லவரா” என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்பார்கள். “ஒரு வேலை பிழைத்தபோது அதை உங்களுக்கு முதலில் சொன்னது அவரா, வேறு யாருமா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எதிர்ப்பக்கத்தில் வரும் மௌனத்தின் நீளமே பாதி பதில்.

எடுபடாதவர்களுக்கும் நாங்கள் தொலைபேசியில் அழைத்துக் காரணம் சொல்கிறோம். அன்று டிசம்பருக்குள் முடித்துக் காட்டிய நால்வருக்கும் அந்தப் பன்னிரண்டு கட்டத்தைப் பற்றிச் சொன்னோம். ஒருவருக்குக் கோபம் வந்தது. இன்னொருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சேர், எனக்கும் டிசம்பர் சரிவராது என்று தெரியும். நீங்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறீங்கள் என்று நினைச்சன்” என்றார். அவர் சொன்னது எங்களையும் யோசிக்க வைத்தது. அடுத்த முறை தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தோம்: ‘தரப்பட்ட காலம் போதாது என்று கருதினால் அதை எழுதலாம்.’ அந்த வரியைப் பார்த்த பிறகும் ஆறு பேரில் மூவர் எழுதவில்லை.